‘தமிழ்’ – எத்தனை எழுத்து? இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு ஒரு பாடம்

ஜனவரி பிறந்துவிட்டால் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரே கவலைதான். “சார், ப்ராஜெக்டுக்கு ஒரு டைட்டில் சொல்லுங்க சார்.” தி.நகர், வடபழனி, அசோக் நகர் பக்கம் போனால் மாடிப்படி ஓரங்களில் ‘ஐ.இ.இ.இ. ப்ராஜெக்ட்ஸ்’ என்று பலகை தொங்குவதைப் பார்க்கலாம். பணத்தைக் கட்டினால் கோட், ரிப்போர்ட், பிபிடி மூன்றும் பென்டிரைவில் கைக்கு வந்துவிடும். தலைப்பும் பிரமாதமாகத்தான் இருக்கும். வைவாவில் தேர்வாளர், “இந்த ஒரு வரியை எடுத்துட்டா என்னம்மா ஆகும்?” என்று கேட்கும்போதுதான் சிக்கல். வாங்கியவருக்கு அந்த வரி எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. வேலைக்கான நேர்முகத் தேர்விலும் இதே கேள்வி வேறு வடிவத்தில் வரும்.

காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத, மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை நடந்தாலே பாதி முடிந்துவிடுகிற ஒரு ப்ராஜெக்டை இங்கே பார்ப்போம். இ-சேவை மையம் போன்ற இடங்களில் பொதுமக்கள் நிரப்பும் விண்ணப்பத்தில் ‘பெயர்’, ‘முகவரி’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அவற்றில் தமிழில் எழுதுவதைப் பிழையில்லாமல் வாங்கிக்கொள்ளும் ஒரு சிறு நிரல்தான் நம் ப்ராஜெக்ட். சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் சான்றிதழில் பெயர் ஒரு எழுத்து மாறினால், அதைத் திருத்த ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு சோதனை. பைத்தானில் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்து, நீளம் சொல்லும் ‘லென்’ கட்டளையை ஓட்டிப் பாருங்க. 5 என்று வரும். ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் த, மி, ழ் என்று மூன்று விரலை நீட்டும். கணினி சொல்வது தவறு இல்லை; அது எண்ணுவது வேறு. யூனிகோடில் தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கிடையாது. உயிரெழுத்துக்கு ஒரு எண், அகரம் ஏறிய மெய்க்கு ஒரு எண், கொம்பு, கால், சுழி, புள்ளி ஆகியவற்றுக்குத் தனி எண் என்ற ஏற்பாடு. ஆகவே ‘மி’ என்பது ம-வும் சுழியும், ‘ழ்’ என்பது ழ-வும் புள்ளியும். மொத்தம் ஐந்து குறியெண்கள். இதையே யூடிஎஃப்-8 முறையில் கோப்பில் சேமித்தால் ஒவ்வொரு குறியெண்ணும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். 15 பைட் ஆகிவிடும். ஒரே சொல்லுக்கு 3, 5, 15 என்று மூன்று அளவுகள். எந்த இடத்தில் எந்த அளவைப் பார்க்கிறோம் என்ற தெளிவு வந்துவிட்டால் இந்த ப்ராஜெக்டில் பெரும்பகுதி புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது ‘மயிலாப்பூர்’. கண்ணுக்கு 6 எழுத்து, குறியெண் 11, பைட் 33. டேட்டாபேஸில் ஒருவர் ஊர்ப் பெயருக்கு 30 என்று இடம் ஒதுக்கியிருக்கிறார் என்று வையுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் அந்த 30 குறியெண் கணக்கு, தாராளமாக உட்காரும். ஆரக்கிளில் வேறு மாதிரி குறிப்பிடாவிட்டால் அது பைட் கணக்கு. 33 பைட் உள்ளே போகாது, பிழை காட்டும். அந்தப் பிழையைத் தவிர்க்க யாரோ ஒரு அவசரக்காரர் ‘முதல் 30 பைட்டை மட்டும் வெட்டி எடு’ என்று எழுதினால் மயிலாப்பூரின் ‘ர்’ இருக்கும், அதன் மேல் இருந்த புள்ளி போய்விடும். அதுவே பாதிக் குறியெண்ணில் வெட்டுப்பட்டால் கட்டமும் கேள்விக்குறியுமாகத் திரையில் தெரியும்.

இன்னொரு இடம் இனிஷியல். தந்தை பெயர் சுப்பிரமணியன் என்றால் தமிழில் முதலெழுத்து ‘சு’. பெயரின் முதல் குறியெண்ணை எடுத்து இனிஷியலாகப் போடு என்று எழுதினால் ‘ச.’ என்று அச்சாகும். ராமசாமியின் மகளுக்கு ‘ரா.’ வராது, ‘ர.’ வரும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்த நிரலில் இது தலையே காட்டாது. இதற்குத் தீர்வு கடினமில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற எழுத்துத் தொகுதியைப் பிரித்துத் தர பைத்தானின் ‘ரீஜெக்ஸ்’ தொகுப்பிலும், ‘ஓப்பன்-தமிழ்’ என்ற திறந்தமூல நூலகத்திலும் வழி இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்டில் செக்மென்டர்’ அதே வேலையைச் செய்யும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டையும் தனியாகச் சோதியுங்க; கண்ணுக்கு ஒன்று, பொதுவிதிப்படி இரண்டாக உடையும்.

அடுத்தது, பார்க்க ஒன்றாக இருந்தும் கணினிக்கு வேறாகத் தெரியும் சொற்கள். ‘கோட்டூர்புரம்’ என்பதில் ‘கோ’ இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். க-வுடன் ‘ோ’ என்ற ஒரே குறி. அல்லது க, இரட்டைக்கொம்பு, கால் என்று தனித்தனியாக. முதல் விதத்தில் 13 குறியெண், இரண்டாவதில் 14. திரையில் துளியும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ‘இரண்டும் சமமா?’ என்று கேட்டால் கணினி இல்லை என்று சொல்லும். விண்ணப்பத்தில் உள்ள பெயரும் பழைய பதிவில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். சேமிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ‘என்எஃப்சி’ என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். பைத்தானில் ஒரு வரி வேலை. கூடவே, செல்போனிலிருந்து ஒட்டும்போது ஒட்டிக்கொண்டு வரும் அகலமில்லாத, கண்ணுக்குத் தெரியாத குறிகளையும் நீக்க வேண்டும்.

ஒரு வரியில் முடியாத விஷயமும் உண்டு. கோபாலபுரம் பக்கம் அவ்வை சண்முகம் சாலை இருக்கிறது. இதே முதல் சொல்லை ‘ஔவை’ என்றும் எழுதுவார்கள். சிலர் ஔ விசை தெரியாமல் ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவை’ என்று அடித்திருப்பார்கள். என்எஃப்சி இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் இங்கே இருப்பது உண்மையான ளகரம். சரி, ஒ-வும் ள-வும் சேர்ந்து வந்தாலே ஔ என்று மாற்றிவிடலாமா? மாற்றினால் ‘ஒளி’ கெட்டுப்போகும். ள-வுக்குப் பிறகு சுழியோ கொம்போ புள்ளியோ வந்தால் அது ளகரம், தொடக்கூடாது. எதுவும் வராவிட்டால் சந்தேகப்படலாம் என்று ஒரு விதி எழுதலாம். அப்போதும் நிரல் தானாக மாற்றக்கூடாது என்பதுதான் என் கருத்து. “இது ‘ஔவை’யா?” என்று திரையில் கேட்கட்டும். விண்ணப்பதாரரைக் கேட்டு, மையத்தில் இருப்பவர் முடிவு செய்யட்டும். பெயர் அவருடையது; அதைத் திருத்தும் உரிமை நம் கோடுக்குக் கிடையாது. அவ்வையா ஔவையா என்ற கேள்விக்கும் இதே பதில்தான். இரண்டும் சரி, எழுதியவர் எழுதியபடி இருக்க வேண்டும். தேடும்போது மட்டும் இரண்டும் கிடைக்க வேண்டும்.

வரிசைப்படுத்துவதை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். குறியெண் வரிசையில் ழ-வுக்கு அப்புறம்தான் வ வரும்; ன என்பது ப-வுக்கு முன்னாலேயே வந்துவிடும்; ஜ என்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில். அகரவரிசையில் பவானி முன்னால், பழனி பின்னால். மல்லிகா முன்னால், மனோகர் பின்னால். சாதாரண ‘சார்ட்’ கட்டளை இரண்டையும் தலைகீழாகத் தரும். ஜாபர்கான்பேட்டை கடைசியில் வராமல் தரமணிக்கு முன்னால் போய் நிற்கும். யூனிகோடு அமைப்பு தனியாக வெளியிட்டிருக்கும் வரிசை விதிகளின்படி ‘ஐசியு’ நூலகத்தைக் கொண்டு அடுக்கினால் சரியாகிவிடும்.

சோதனைக்கு டேட்டா வேண்டுமே? இங்கேதான் பல மாணவர்கள் தெரியாமல் தப்பான வழியில் போகிறார்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் ஆதார் நகல், குடும்ப அட்டை நகல் வாங்கி எக்செல்லில் ஏற்றுவது வேண்டவே வேண்டாம். எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். ஒருவர் நம்பிக் கொடுத்த ஆவணம் ஐந்து நண்பர்களின் வாட்ஸ்அப்பில் சுற்றுவது நியாயமும் இல்லை. நமக்கு வேண்டியது ஆட்களின் விவரமே அல்ல, எழுத்துகளின் வகைகள்தான். அவை தெருவிலேயே கிடைக்கும்.

பறக்கும் ரயில் பாதையில் திருமயிலை, மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, கோட்டூர்புரம், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், திருவான்மியூர் என்று நிலையங்கள். இந்தப் பெயர்களிலேயே ஓகாரம், ஐகாரம், கிரந்த எழுத்து, ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் எல்லாம் வந்துவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை லஸ் முனையில் கிளம்பி அடையாறு வரை நடந்து, தெருப்பலகை, பேருந்து நிறுத்தம், கடைப் பெயர்களில் ஊர் எப்படி எழுதியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்க. மயிலாப்பூர், மயிலை, திருமயிலை, அடையாறு, அடையார், தியாகராய நகர், தி.நகர், டி.நகர். இவற்றில் எவை எழுத்துப்பிழை, எவை ஒரே இடத்துக்கான வேறு பெயர், எவை நிலையத்துக்கு மட்டும் உரிய பெயர் என்று பிரித்துப் பார்ப்பதே நல்ல பயிற்சி. இருநூறு பெயர் சேர்ந்தால் போதும். ஆட்களின் பெயர் வேண்டுமென்றால் நீங்களே கற்பனையாக எழுதிக்கொள்ளுங்க.

வேலையைப் பிரிக்கும் விதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாலு பேர் குழுவில் ஒருவர் கோட், ஒருவர் திரை வடிவம், ஒருவர் ரிப்போர்ட், நாலாமவர் பைண்டிங் கடைக்குப் போய்வருவது என்பதுதான் வழக்கம். இதில் கற்றுக்கொள்வது ஒருவர் மட்டுமே. நீளம், இனிஷியல், பொருத்தம், வரிசை என்று நாலு பகுதி இருக்கிறது அல்லவா? ஆளுக்கு ஒன்றை எடுத்து முழுசாகச் செய்யுங்க: முதலில் சோதனை, பிறகு கோட், பிறகு அதற்கான இரண்டு பக்க விளக்கம். ‘சுப்பிரமணியன் கொடுத்தால் சு வர வேண்டும்’ என்ற சோதனையை முதலில் எழுதி, அது தோற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் கோட் எழுதினால், வைவாவில் அந்த வரி எதற்கு என்ற கேள்வியே பயமாக இருக்காது. எல்லாவற்றையும் ‘கிட்’ டில் போட்டு வாருங்க. மூன்று மாதத்தில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பது அதில் தெரியும். வேலைக்கு எடுப்பவர்கள் மதிப்பெண் பட்டியலைவிட இதைக் கூர்ந்து பார்ப்பார்கள்.

கொஞ்சம் வரலாறும் ரிப்போர்ட்டில் இடம்பெறட்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகுதான் ‘தமிழ் 99’ விசைப்பலகையும் ‘டாம்’, ‘டாப்’ குறியீடுகளும் தரமாயின. அதற்கு முன்னால் எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. எழுத்துரு மாறினால் கடிதம் முழுக்க வெறும் கிறுக்கல். 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முந்தைய கோப்புகளைக் கையாள வேண்டி வந்தால் எழுத்துரு மாற்றி தேவைப்படும். கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் அத்தகைய கருவிகளை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. அதே கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியும் உண்டு. வீட்டில் இடமில்லாத குழுக்களுக்கு வசதி.

அடிப்படை போதவில்லை என்று நினைப்பவர்களுக்கு, ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் பணம். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் இறுதியாண்டு ப்ராஜெக்டுகளுக்கென்றே ‘நிரல் திருவிழா’ நடக்கிறது. தொழில்துறையும் அரசுத் துறைகளும் தங்களுக்கு உண்மையில் இருக்கும் சிக்கல்களை அதில் முன்வைப்பார்கள். தலைப்பு தேடி மாடிப்படி ஏறுவதற்கு முன் அந்தப் பட்டியலை ஒருமுறை படித்துவிடுங்க.

ஏற்கெனவே தரமணி, டைடல் பார்க் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். பத்து வருட அனுபவம் உள்ள டெவலப்பருக்கும் தமிழ்ப் பெயரோடு ஒரு புகார் வந்து விழும்வரை இதைப் பற்றி யோசிக்க வாய்ப்பு வராது. ஓப்பன்-தமிழ் போன்ற நூலகங்களில் தீர்க்கப்படாத பிழைகள் பட்டியலாகவே கிடக்கும். ஒன்றை எடுத்துச் சரிசெய்து அனுப்பலாம். யூனிகோடு அமைப்பின் ‘சிஎல்டிஆர்’ தொகுப்பில் தமிழ்த் தேதி, மாதப் பெயர், நாட்டுப் பெயர்களைச் சரிபார்க்கப் பொதுமக்களும் பங்கேற்க முடியும். பைத்தான் பயனர்களின் ‘சென்னைபை’ குழுவும் சென்னை லினக்ஸ் பயனர் குழுவும் மாதக் கூட்டம் நடத்தி வருபவை. அங்கே மாணவர்களும் போகலாம், நுழைவுச்சீட்டு கிடையாது. கோட்டூர்புரத்தின் 13, 14 கணக்கை எடுத்துக்கொண்டு போய் ஐந்து நிமிடம் பேச இடம் கேளுங்க. கேள்விகள் எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்று குறித்துக்கொண்டால், கடைசி ரிவ்யூவுக்கு அதுவே ஒத்திகை.