கணினி ‘இல்லை’ என்றால் புத்தகம் இல்லையா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்: நூலகப் பணியாளர்களுக்காக

கல்லூரி மாணவி ஒருத்தி ஔவையார் பாடல்களுக்கு உரை கேட்டு ஒரு கிளை நூலகத்துக்கு வந்தாள். அன்று நானும் அங்கே இருந்தேன். நூலகர் கணினியில் பெயரைத் தட்டினார். ‘முடிவுகள் இல்லை’ என்று வந்தது. “இங்க இல்லம்மா” என்றார். அவள் போய்விட்டாள். சாயங்காலம் அலமாரியை அடுக்கும்போது அந்த உரைநூலின் இரண்டு படிகள் கைக்குக் கிடைத்தன. இரண்டுமே பட்டியலில் ஏற்றப்பட்டவைதாம். ஆனால் ஏற்றியவர் ‘ஔ’ என்ற ஓரெழுத்தை அடிக்காமல் ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்துகளை அடித்திருந்தார்.

வீட்டுக் கணினியைப் பற்றி நமக்கு ஒரு தவறான எண்ணம் இருந்தால் அதன் பலன் நம்மோடு போகும். நூலகக் கணினியில் அது வாசகர் தலையில் விடிகிறது. நூலகங்களில் நான் அடிக்கடி கேட்கும் ஏழு நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை 1: திரையில் எழுத்து சரியாகத் தெரிந்தால் பதிவும் சரிதான்.

உண்மை: எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பது நம் கண். கணினி பார்ப்பது அந்த எழுத்துக்குரிய எண்ணை மட்டுமே. ‘ஔ’வுக்கு ஓர் எண்; ‘ஒ’வுக்கும் ‘ள’வுக்கும் வேறு இரண்டு எண்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சொற்கள் தேடுபொறிக்கு முற்றிலும் வேறானவை. ‘ர்’ அடிக்க வேண்டிய இடத்தில் துணைக்காலையும் புள்ளியையும் சேர்த்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ‘எ’ என்ற எழுத்துக்குப் பதிலாகத் தமிழ் எண் ஏழு வந்து உட்கார்ந்த பதிவுகளும் உண்டு.

சந்தேகம் வந்தால் ஒரு எளிய சோதனை போதும். சொல்லின் முன்னால் கர்சரை வைத்து வலப்பக்க அம்பு விசையை ஒருமுறை தட்டுங்கள். ‘ஔ’ சரியாக இருந்தால் கர்சர் அதை ஒரே தாவலில் கடக்கும். ‘ஒ’வுக்குப் பின்னால் நின்றுவிட்டால் அங்கே இருப்பது இரண்டு எழுத்து.

பழைய பட்டியல்களில் இன்னொரு சிக்கல் பாமினி போன்ற எழுத்துருக்கள். ‘தமிழ்’ என்று அதில் அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு என்ற போர்வை அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகி ஆங்கிலக் குழப்பம் வெளியே வரும். 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. தமிழக அரசும் 2010இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே புதிய பதிவு எதுவானாலும் யூனிகோடில்தான் இருக்க வேண்டும். பழையதை மாற்றுக் கருவியில் போட்டு எடுத்தால் ஒருமுறை கண்ணால் படித்துத் திருத்திவிட்டே பட்டியலில் சேருங்கள். நூலகவியலுக்கு ரங்கநாதன் 1931இல் வகுத்துத் தந்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைப் பற்றியது. ஒரு பெயரைச் சரியாக அடிப்பது அந்த விதிக்குக் கட்டுப்படுவதுதான்.

நம்பிக்கை 2: புத்தகத்தின் விவரமெல்லாம் பார்கோடுக்குள் இருக்கிறது.

உண்மை: நாம் ஒட்டும் பார்கோடில் இருப்பது ஓர் எண் மட்டுமே. தலைப்பும் ஆசிரியரும் நம் தரவுத்தளத்தில் இருக்கின்றன. பெரும்பாலான ஸ்கேனர்கள் விசைப்பலகையைப் போலத்தான் வேலை செய்கின்றன. படித்த எண்ணைக் கர்சர் நிற்கும் இடத்தில் ‘தட்டிவிடும்’. ‘ஸ்கேனர் கெட்டுப்போச்சு’ என்று புகார் எழுதுவதற்கு முன் நோட்பேடைத் திறந்து ஒரு புத்தகத்தை ஸ்கேன் செய்யுங்கள். அங்கே எண் விழுந்தால் ஸ்கேனர் நலமாக இருக்கிறது. நூலக மென்பொருளில் கர்சர் வேறு கட்டத்தில் நிற்கிறது என்று பொருள்.

நம்பிக்கை 3: விண்டோவை மூடிவிட்டால் வாசகரின் கணக்கும் மூடிவிடும்.

உண்மை: மூடாது. ‘லாக் அவுட்’ செய்யாமல் எழுந்து போனவரின் மின்னஞ்சல், அடுத்து உட்காருபவருக்கு அப்படியே திறக்கலாம். வாட்ஸ்அப் வெப்பும் அப்படித்தான். பொதுக் கணினியில் வாசகரை ‘இன்காக்னிட்டோ’ விண்டோவிலோ ‘கெஸ்ட்’ முறையிலோ உட்கார வைப்பது நல்ல பழக்கம். எல்லா இன்காக்னிட்டோ விண்டோக்களையும் மூடியதும் உள்நுழைவுத் தடயங்கள் அந்தக் கணினியிலிருந்து போய்விடும். அதற்கு மேல் அது எதையும் மறைப்பதில்லை. எந்தத் தளத்துக்குப் போனார் என்பது அந்தத் தளத்துக்கும், இணைய இணைப்பு தருபவருக்கும் வழக்கம்போலத் தெரியும்.

அதைவிட முக்கியமானது, இறக்கிய கோப்புகள் இன்காக்னிட்டோவிலும் அப்படியே தங்கிவிடும் என்பது. உங்கள் நூலகத்தின் பொதுக் கணினியில் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையை இன்று திறந்து பாருங்கள். தேர்வுக்கு விண்ணப்பிக்க வந்த பிள்ளைகளின் ஆதார், மதிப்பெண் சான்றிதழ், கையெழுத்துப் படம் எல்லாம் அங்கே கிடக்கும். இ-ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள முடியாது. அது பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான்; தெரிந்தவர் எவரும் திறந்துவிடலாம். யார் என்ன புத்தகம் எடுத்தார் என்பதையே வெளியே சொல்லாதவர்கள் நாம். அந்தப் பிள்ளைகளின் தாள்களும் நம் பொறுப்புதான். நூலகத்தைப் பூட்டும் முன் அந்தக் கோப்புறையைக் காலி செய்யுங்கள். ‘ஷிஃப்ட்’டை அழுத்திக்கொண்டு ‘டெலீட்’ தட்டினால் கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போகாமல் நேராக நீங்கும். பிரவுசரில் ‘கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட்’ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரலாற்றையும் குக்கீகளையும் அழிக்கும் பகுதி திறக்கும்.

நம்பிக்கை 4: முகவரிக்கு முன் பூட்டுப் படம் இருந்தால் நம்பகமான தளம்.

உண்மை: உங்களுக்கும் தளத்துக்கும் இடையே போகும் செய்தியை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே பூட்டு சாட்சி. மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்லாது. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, மோசடிக்காரரும் வாங்கலாம். மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே குரோம் பிரவுசர் 2023இல் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு வேறு குறியை வைத்தது. வேலைவாய்ப்பு, உதவித்தொகை என்று வாசகர் ஒரு இணைப்பைக் கொண்டுவந்தால் முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன் வரும் தளப்பெயரின் கடைசிப் பகுதியை அவரோடு சேர்ந்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

நம்பிக்கை 5: ‘டி’ டிரைவிலும் ஒரு படி இருக்கிறது, பயமில்லை.

உண்மை: பல கணினிகளில் ‘சி’யும் ‘டி’யும் ஒரே வன்தட்டின் இரண்டு அறைகள். தட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். படி என்றால் அது வேறொரு கருவியில் இருக்க வேண்டும். இன்னொன்று வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும். வெளித்தட்டை எப்போதும் கணினியில் சொருகியே வைத்திருந்தால் பிணைத்தொகை கேட்கும் நச்சுநிரல் அதையும் பூட்டிவிடும். படி எடுத்ததும் கழற்றி வையுங்கள்.

லண்டனின் பிரிட்டிஷ் நூலகத்தை 2023 அக்டோபரில் அப்படியொரு தாக்குதல் முடக்கியது. தாக்கியவர்கள் கேட்ட பணத்தை நூலகம் கொடுக்கவில்லை. முதன்மைப் பட்டியல் மீண்டும் இணையத்துக்கு வந்தது 2024 ஜனவரியில். மின்தொகுப்புகளுக்குப் பாதுகாப்பான படிகள் அவர்களிடம் இருந்தன. ஆனால் அவற்றைத் திரும்ப ஏற்றி இயக்குவதற்கு ஏற்ற கட்டமைப்பு கையில் இல்லை. நமக்கான பாடம் இதுதான்: படி எடுத்தால் பாதி வேலை, அது திரும்பத் திறக்கிறதா என்று பார்த்தால்தான் முழு வேலை. மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் ஏற்றிப் பாருங்கள்.

நம்பிக்கை 6: ‘ரெஃப்ரெஷ்’ கொடுத்தால் கணினி வேகமாகும்.

உண்மை: திரையில் இருக்கும் படங்களை அது மறுபடி வரைகிறது, அவ்வளவுதான். கணினி திணறினால் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். ‘ஷட் டவுன்’ செய்து திறப்பதும் ‘ரீஸ்டார்ட்’ செய்வதும் ஒன்றல்ல. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ‘ஷட் டவுன்’ செய்தால் இயங்குதளத்தின் நிலை தட்டில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே எடுக்கப்படும். ‘ரீஸ்டார்ட்’தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

நம்பிக்கை 7: கடவுச்சொல்லை மாதாமாதம் மாற்றினால்தான் பாதுகாப்பு.

உண்மை: அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே இந்தக் கட்டாயத்தைக் கைவிடச் சொன்னது. மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார்கள், அல்லது சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டுவார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக ஒன்று வையுங்கள். கசிந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் அன்றே மாற்றுங்கள். கவுன்டரை விட்டு எழும்போது ‘விண்டோஸ்’ விசையோடு ‘எல்’ தட்டித் திரையைப் பூட்டுங்கள்.

அந்தக் கிளை நூலகர் அன்று இரவே ‘ஒள’ என்று இரண்டெழுத்தாக அடித்துப் பட்டியலைத் தேடினார். ஔவையாரோடு இன்னும் பல நூல்கள் வரிசையாக வந்தன. ‘ஒளி’ போன்ற சொற்களால் வந்தவை போக மற்றதெல்லாம் அலமாரியில் இருந்தும் வாசகர் கண்ணில் படாமல் கிடந்தவை. ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தினார். நாளைக் காலை கதவைத் திறந்ததும் நீங்களும் உங்கள் பட்டியலில் அந்த இரண்டு எழுத்தை அடித்துப் பாருங்கள். கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பியவர் யாருக்கோ உரிய புத்தகம் அதில் இருக்கும்.