வார இறுதியில் வெளியே சாப்பிட…

குடும்பத்தோடு வெளியே சாப்பிட நினைத்தால் சனி, ஞாயிறு இரவைத் தவிர்த்து மதியம் போங்கள். சாப்பாடு என்று வாங்கினால் கூட்டு, பொரியல், ரசம், மோர் எல்லாம் ஒரே விலையில் அடங்கிவிடும். இரவில் நான் ரொட்டிக்கும் கிரேவிக்கும் தனித்தனி விலை.

காலை டிபன் இன்னும் மலிவு. மினி டிபனில் இட்லி, பொங்கல், வடை, குட்டி தோசை, கேசரி, காபி என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கிடைக்கும். சிறுவர்களுக்கு அதுவே கொண்டாட்டம். பிரியாணிக் கடையில் முதலிலேயே தலைக்கொரு தட்டு சொல்லாதீர்கள். குறைவாகச் சொல்லி, போதாவிட்டால் மறுபடி வாங்கலாம்.

பில்லை வரி வரியாகப் பாருங்கள், இதில் கூச்சமே வேண்டாம். சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025-ல் அதை உறுதிசெய்தது. சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். டிப்ஸ் உங்கள் விருப்பம். பரிமாறியவர் கையிலேயே கொடுப்பதுதான் சரி.