கல்லின் சொல்லுக்குத் தனிப் பத்தி

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டிஜிட்டல் மனிதவியல் பட்டறைக்கு நீ தேர்வானதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. வரலாற்று ஆய்வாளர்களும் கணினி படித்தவர்களும் நூலகர்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு தரவுத்தொகுப்பைக் கூட்டாக உருவாக்கப் பழகப்போகிறீர்கள். “எனக்கு நிரல் எழுதத் தெரியாதே ஐயா, அங்கே நான் என்ன செய்வேன்?” என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கவலையை விடு. தரவைச் சீராக்கும் ஓபன்ரிஃபைன், வரைபடம் போடும் கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருள்களின் அடிப்படையைச் சில நாளில் கைக்குப் பழக்கிக்கொள்ளலாம். கல்வெட்டு வாசிக்கக் கற்க உனக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின! அந்த மேசையில் அது தெரிந்தவள் நீ ஒருத்தியாகவே இருக்கக்கூடும். வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிடுவாயோ என்பதுதான் என் பயம்.

வெறுங்கையோடு போகாதே. பயிற்சிக்கென்று ஒழுங்குபடுத்திய மாதிரித் தரவு ஏதாவது தருவார்கள்; ஒழுங்கான தரவில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. நீ ஆய்வுக்கு எடுத்திருக்கும் தஞ்சைப் பெரிய கோயிலின் தளிச்சேரிக் கல்வெட்டையே கொண்டுபோ. ராஜராஜன் சோழமண்டலத்துக் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பெண்களின், பட்டியல். ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல். எந்தத் தெரு, எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே வரிசை மாறாமல் வெட்டி வைத்திருக்கிறார்கள். அட்டவணையாக்க இதைவிட எளிய கல்வெட்டு இல்லை என்று தோன்றும். உட்கார்ந்து தொடங்கிப் பார், முதல் பத்து வீட்டைத் தாண்டுவதற்குள் வாக்குவாதம் வரும். வரட்டும்.

ஏறக்குறைய எல்லாப் பெயருக்கும் முன்னால் ‘நக்கன்’ நிற்கிறது. கணினி படித்த நண்பர் அதைக் குடும்பப் பெயர் என்று எண்ணித் தனிப் பத்தியில் போடுவார். ஊர் ஊராக வந்தவர்கள் எல்லாரும் ஒரே குடும்பமாகிவிடுவார்கள். ஒரே பெயரில் பல பெண்கள் வருகிறார்கள். ‘எடுத்தபாதம்’ என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தால், இவற்றை ஒன்றாகச் சேர்க்கட்டுமா என்று மென்பொருள் கேட்கும். சரி என்று சொல்லிவிட்டால் வெவ்வேறு பெண்கள் ஒருத்தியாகிவிடுவார்கள். வீட்டின் வரிசை எண்ணும் வந்த கோயிலும்தான் அவர்களைப் பிரித்துக் காட்டுகின்றன. ஊர்ப்பெயரே ஆள்பெயராகவும் வரும். இடங்களைத் தானாகக் கண்டறியும் கருவி ‘ஆரூர்’ என்ற பெண்ணை வரைபடத்தில் ஒரு புள்ளியாக்கிவிடும்.

இந்த இடங்களிலெல்லாம் நீ பேசியாக வேண்டும். தீர்ப்புச் சொல்வதுபோல் பேசாதே. காரணத்தைச் சொல், எதிர்க்கேள்வியைக் காது கொடுத்துக் கேள். கல்வெட்டியல் தெரியாதவர் கேட்கும் கேள்வி சில நேரம் நமக்கு இத்தனை நாள் தோன்றாததாக இருக்கும். என்னென்ன பத்திகள் வேண்டும், எதில் எதை எழுதலாம் என்று நான்கு பேர் கூடி முடிவெடுப்பதைத் தொழில்நுட்ப வேலை என்று நினைத்து ஒதுங்கிவிடாதே. வரலாறு அங்கேயே எழுதப்படத் தொடங்கிவிடுகிறது. எடுத்த முடிவையும் அதன் காரணத்தையும் ஒரு கோப்பில் அன்றன்றே எழுதி வையுங்கள்.

நான் வற்புறுத்தும் விதி ஒன்றுதான். கல்லில் உள்ளதை உள்ளபடி எழுத ஒரு பத்தி. அதை நீ உட்பட யாரும் திருத்தக்கூடாது. உன் வாசிப்புக்கு அடுத்த பத்தி. அந்த வாசிப்பில் உனக்கு எவ்வளவு உறுதி என்பதற்கு இன்னொன்று. இதன் அருமை சோழர் கல்வெட்டுகளில் நன்றாகத் தெரியும். அரசன் பெயர் இல்லாமல் ‘ராஜகேசரி, 5ஆம் ஆட்சியாண்டு’ என்று மட்டும் இருக்கிற கல்வெட்டை எடுத்துக்கொள். முதலாம் ஆதித்தன், கண்டராதித்தன், சுந்தர சோழன், ராஜராஜன் எல்லாரும் ராஜகேசரி என்ற பட்டம் கொண்டவர்களே. எழுத்தமைதியையும் பிற குறிப்புகளையும் பார்த்து நீ ராஜராஜன் என்று முடிவுக்கு வரலாம். ஆனால் அட்டவணையில் 990 என்று ஒற்றை எண்ணைப் போட்டுவிட்டால் உன் ஐயம் அங்கேயே புதைந்துபோகும். பிறகு எண்ணிக்கை எடுப்பவருக்கும் வரைபடம் போடுபவருக்கும் அது வெறும் 990தான். முன்னெல்லை, பின்னெல்லை என்று இரண்டு ஆண்டுகளைக் கொடு. வேலை கூடுகிறதே என்று சலித்துக்கொள்வார்கள், விட்டுக்கொடுக்காதே.

இப்படிப் பிரித்து வைப்பதால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் ஐராவதம் மகாதேவனைச் சொல். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக் கணினியின் துணையோடு அவர் உருவாக்கிய சிந்து எழுத்துகளின் தொடரடைவைத் தொல்லியல் துறை 1977இல் வெளியிட்டது. அந்த எழுத்துகளின் மொழி திராவிடம் என்பது அவர் கருத்து. அதை ஏற்காதவர்களும் அந்தத் தொடரடைவைக் கையில் வைத்துக்கொண்டே அவரோடு வாதாடினார்கள். ஓர் அறிஞருக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா? அடுத்த ஆண்டே, 1978இல், நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் தொரு மாட்சுயியும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களுக்கு மூன்று தொகுதிகளில் தொடரடைவு வெளியிட்டார்கள். தமிழரும் ஜப்பானியரும் கூடிச் செய்த வேலை அது. பட்டறைக்குப் போகுமுன் அதன் முன்னுரையை ஒருமுறை படித்துவிடு. கூட்டு வேலை நம் துறைக்குப் புதிதில்லை என்ற தெம்பு வரும்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளைக் காட்டுவார்கள். நல்ல கருவிதான். ஆனால் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் பல 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியவை. பழைய ணை, லை, றா வடிவங்களிலும் இடையிடையே வரும் கிரந்த அச்சிலும் அது தடுமாறும். அச்சுப் பக்கத்தோடு ஒத்துப்பார்க்காமல் ஒரு வரியையும் ஏற்காதே.

வரைபடத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திருவாரூரிலிருந்தும் பழையாற்றிலிருந்தும் திருவையாற்றிலிருந்தும் தஞ்சைக்கு அம்புக்குறிகள் பாயும் படம் திரையில் மின்னும்போது எல்லாரும் கைதட்டுவார்கள். உனக்கும் பெருமையாக இருக்கும். அந்த அம்பு ஒவ்வொன்றும் தன் ஊரையும் கோயிலையும் விட்டுவந்த ஒரு பெண். அவள் விரும்பி வந்தாளா, யாரை விட்டு வந்தாள் என்று கல்வெட்டு சொல்லவில்லை. படத்தைக் காட்டும் அதே மூச்சில் இதையும் சொல். நேர்கோடு அவள் நடந்த வழியும் இல்லை. இதையெல்லாம் சொன்னால் படத்தின் கவர்ச்சி குறையுமே என்று யாராவது சொன்னால், குறையட்டும்.

இனி உழைப்பைப் பற்றி. இத்தாலியப் பாதிரியார் ரொபர்ட்டோ பூசா, தாமஸ் அக்வினாஸின் எழுத்துகளுக்குச் சொல்லடைவு தயாரிக்க 1949இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் உதவியை நாடியதிலிருந்துதான் டிஜிட்டல் மனிதவியலின் கதையைத் தொடங்குவார்கள். அவருக்காகத் துளையட்டைகளைத் தட்டிய இளம்பெண்களின் பெயர்கள் நெடுங்காலம் வெளியே தெரியாமலே இருந்தன. ஜூலியான் நைஹன் போன்ற ஆய்வாளர்கள் பிற்காலத்தில் தேடிப்போய்த்தான் அவர்களைப் பற்றி எழுதினார்கள். குழுவில் தட்டச்சு வேலை உன் தலையில் மட்டும் விழுந்தால், முறைவைத்துச் செய்வோம் என்று முதல் நாளே சொல்லிவிடு. அதேபோல் கணினி நண்பரை உன் ஏவலுக்கு நிற்பவராக நடத்தாதே. மைப்படி எடுத்தவர், படம் பிடித்தவர், தட்டியவர், சரிபார்த்தவர் என்று இன்னார் இன்னது செய்தார் எனப் பெயரோடு எழுதும் வழக்கத்தை உன் குழுவில் நீயே தொடங்கு.

பட்டறை முடிந்து ஊர் திரும்பியதும் கோப்பு யாருடைய மடிக்கணினியிலோ முடங்கிவிடக் கூடாது. யூனிகோடில், எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய சிஎஸ்வி கோப்பாக, விளக்கக் குறிப்போடு ஸெனோடோ போன்ற பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவிடுங்கள். முதல் கட்டுரை வெளிவரும்வரை தரவைப் பூட்டி வைக்கச் சொல்லி உன் வழிகாட்டி கேட்கலாம். அது நியாயமான ஆசைதான். எவ்வளவு காலம் என்பதை மட்டும் முன்கூட்டியே எல்லாரும் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

கிளம்புமுன் தெற்குத் தளிச்சேரித் தென்சிறகின் முதல் வீடுகளை அட்டவணையாக்கி எனக்கு அனுப்பு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியை மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறேன். வரி வரியாக ஒத்துப்பார்த்து, உன் வாசிப்போடு நான் மாறுபடும் இடங்களைத் தனிப் பத்தியில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். அதை அழிக்காமல் அப்படியே உன் குழுவுக்குக் காட்டு.

அன்புடன்,
உன் ஆசிரியர்