பழனி வரை நடக்க மூச்சு இருக்கிறது; பாதம் தாங்குமா?

கேள்வி: தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறேன். தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போகிறவன்தான். இருந்தும் போன வருடம் நத்தம் தாண்டுவதற்குள் இரண்டு காலிலும் கொப்புளம். வேனில் ஏற்றிவிட்டார்கள். வயது 48, சர்க்கரை இல்லை. என்ன பயிற்சி எடுக்கலாம்?
- வாசகர், காரைக்குடி

பதில்: தினசரி வாக்கிங் மூச்சைப் பழக்கும். ஆனால் உங்கள் பயணம் 150 கிலோமீட்டருக்கு மேல். நேற்று நடந்து வலிக்கிற காலோடு இன்றும் நடக்க வேண்டும். பழக வேண்டியது அதைத்தான்.

ஐப்பசியிலேயே தொடங்குங்கள். சனிக்கிழமை 10 கிலோமீட்டர், மறுநாள் ஞாயிறு 8. வாரத்துக்கு ஓரிரண்டு கிலோமீட்டர் கூட்டுங்கள். நான்காவது வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் குன்றக்குடிக்குப் போய்த் திரும்புங்கள். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வரும். அதை அடுத்தடுத்து இரண்டு நாள் முடித்தால் நத்தத்தைப் பற்றிய பயம் வேண்டாம். கடைசிப் பத்து நாள் லேசாக நடந்தால் போதும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள்தான் முழங்கால் வலியோடு என்னிடம் வருகிறார்கள்.

கொப்புளம் வருவது ஈரமும் உராய்வும் சேர்ந்து. பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்துக்கொண்டு அப்படியே ஈரமாக இருக்கும். சீக்கிரம் உலரும் செயற்கை இழை சாக்ஸ் நல்லது. நடக்க நடக்கக் கால் வீங்கும் என்பதால் ஷூவை மாலையில் வாங்குங்கள், கட்டைவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் விட்டு. அதைப் போட்டே பயிற்சி செய்யுங்கள். ஓரிடம் சுருக்கென்று எரிந்தால் அங்கேயே உட்கார்ந்து, துடைத்து, பிளாஸ்திரி ஒட்டுங்கள். கூட்டம் போகட்டும், பிடித்துவிடலாம். அடுத்த மண்டபம் வரை பொறுத்தால் தோல் உரிந்துவிடும்.

வெறுங்காலோடு நடப்பதாக வேண்டுதலா? அதில் நான் குறுக்கிட மாட்டேன். ஆனால் வெறுங்காலுக்கும் இதே மூன்று மாதப் பழக்கம் வேண்டும். தார் ரோடு சுடுமுன் விடிகாலையில் நடந்துவிடுங்கள். உங்களோடு வருகிறவர்களில் சர்க்கரை இருந்து பாதம் மரத்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு வெறுங்கால் கூடவே கூடாது; முள் தைத்தாலும் தெரியாது.

வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருக்காமல் உப்புப் போட்ட மோரும் குடியுங்கள். இருட்டில் எதிரே வண்டி வரும் பக்கமாக, ஒளிரும் பட்டை கட்டிக்கொண்டு நடங்கள்.

வழியில் யாராவது வலி மாத்திரை நீட்டினால் வாங்காதீர்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் காபி நிறத்தில் போனால் அன்றைய நடையை நிறுத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.