காதில் நுழைந்த புழு

ஒரே ஒரு முறை கேட்ட பாடல், சில வேளைகளில் நாள் முழுவதும் மனத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும். கணக்குப் போடும்போதும் உணவு உண்ணும்போதும் அதே இரண்டு வரிகள் திரும்பத் திரும்ப வரும். இத்தகைய பாடலை ஆங்கிலப் பேச்சு வழக்கில் ‘இயர்வோர்ம்’ என்பர். ‘காதுப்புழு’ என்பதே அதன் நேர்ப்பொருள். பாடலுக்கும் புழுவுக்கும் என்ன தொடர்பு?

விடை ஜெர்மானிய மொழியில் உள்ளது. அம்மொழியில் ‘ஓர்’ என்றால் காது. ‘வூர்ம்’ என்றால் புழு. இவ்விரண்டும் இணைந்த ‘ஓர்வூர்ம்’ என்னும் சொல் முதலில் ஒரு பூச்சியின் பெயராக இருந்தது. வால் பகுதியில் இடுக்கி போன்ற உறுப்பைக் கொண்ட அச்சிறு பூச்சி, தூங்குவோரின் காதுக்குள் புகுந்து மூளையைத் துளைக்கும் என ஐரோப்பிய மக்கள் நம்பினர். அது வெறும் கட்டுக்கதையே. ஆயினும், காது வழியே நுழைந்து வெளியேற மறுக்கும் பாடலுக்கு ஜெர்மானியர் அப்பூச்சியின் பெயரையே சூட்டினர்.

பிறகு, ஆங்கிலேயர் அச்சொல்லின் இரு பகுதிகளையும் தம் மொழியில் பெயர்த்து ‘இயர்வோர்ம்’ என்றனர். 1978இல் வெளிவந்த டெஸ்மண்ட் பேக்லியின் ‘ஃபிளைஅவே’ என்னும் நாவலில் இச்சொல் இப்பொருளில் இடம்பெற்றுள்ளது.

சொல் புதியதாயினும் அனுபவம் பழையது. 1876ஆம் ஆண்டிலேயே அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவெய்ன் இதைப் பற்றி நகைச்சுவைக் கதை ஒன்றை எழுதினார். அக்கதையில், நாளிதழில் படித்த சில வரிகள் ஒருவரின் மனத்தை விட்டு அகல மறுக்கின்றன. அவற்றைத் தம் நண்பரிடம் சொன்ன பிறகே அவருக்கு விடுதலை கிடைக்கிறது. பாவம், அதன் பின்னர் நண்பர் தவிக்கிறார்!

மொழிகள் இரு வழிகளில் கடன் வாங்குகின்றன. ஒன்று, ஒலியைத் தழுவி எடுத்துக்கொள்வது. போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த ‘சாவி’, ‘ஜன்னல்’ ஆகிய சொற்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. மற்றொன்று, பொருளை மட்டும் பெற்றுச் சொல்லைத் தானே ஆக்கிக்கொள்வது. ‘தொலைக்காட்சி’, ‘மின்னஞ்சல்’ ஆகியவை அவ்வாறு உருவானவை. ‘இயர்வோர்ம்’ என்பதும் இவ்வகையே.

இன்னும் ஒரு வியப்பு உண்டு. கடன்சொல்லை ஆங்கிலத்தில் ‘லோன்வேர்ட்’ என்பர். அச்சொல்லே ‘லேன்வோர்ட்’ என்னும் ஜெர்மானியச் சொல்லின் மொழிபெயர்ப்புதான்! உலகெங்கும் பரவியுள்ள ஆங்கிலமும் பிற மொழிகளிடம் பெற்றே வளர்ந்துள்ளது. ஆகவே, தேவையறிந்து கடன் பெறுவது ஒரு மொழிக்கு இழுக்கன்று; பெற்றதைத் தனதாக்கிக்கொள்வதே அதன் வலிமை.