தூரிகை எழுத்தும் காலக்கணிப்பும்: இண்டூர்ச் சுவரெழுத்துகளை ஆவணப்படுத்துவதற்கான நெறிகள்

ஆய்வுச்சுருக்கம்
கையால் எழுதப்பட்ட பெயர்ப்பலகைகளும் சுவரெழுத்துகளும் தமிழ் வரிவடிவ வரலாற்றின் அண்மைக்காலச் சான்றுகளாகும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தை அளவுகோலாகக் கொண்டு அவற்றின் காலத்தை எவ்வளவு உறுதியாகக் கணிக்க இயலும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சுவரெழுத்து, பெயர்ப்பலகை, எழுத்துச் சீர்திருத்தம், வரிவடிவம், இண்டூர்.

முன்னுரை
இண்டூர் அமைந்துள்ள தருமபுரி மாவட்டம் நடுகற்களால் புகழ்பெற்றது. அவற்றின் வட்டெழுத்துப் பொறிப்புகளைப் படித்தும் படியெடுத்தும் வெளியிடும் மரபு இங்கு வேரூன்றியுள்ளது. ஆனால், இதே நிலப்பகுதியின் கடைத்தெருக்களில் தூரிகையால் எழுதப்பட்ட எழுத்துகளுக்கு அத்தகைய கவனம் கிடைத்ததில்லை. கல்லெழுத்து நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கும். சுவரெழுத்தோ அடுத்த வெள்ளையடிப்பு வரையிலும்தான் நிற்கும். எனவே, பின்னதை ஆவணப்படுத்துவதே விரைந்து செய்யவேண்டிய பணியாகிறது.

கருவியும் வடிவமும்
எழுதுகருவி எழுத்தின் வடிவைப் பாதிக்கிறது. எழுத்தாணி ஓலையைக் கிழிக்காதிருக்கப் புள்ளியை விடுத்து எழுதும் வழக்கம் நிலவியது என்பர். பட்டைத் தூரிகையோ திரும்பும் திசைக்கேற்பத் தடித்தும் மெலிந்தும் கோடிடுகிறது. எழுதுவோர் முதலில் மேற்கோடும் கீழ்க்கோடும் இட்டு, சொல்லின் அகலத்தைப் பலகைக்குள் பகிர்ந்த பின்னரே வண்ணம் தொடுகின்றனர். ஒரே சொல்லில் வரும் இரண்டு ‘க’கரங்கள் இடத்திற்கேற்பச் சற்றே வேறுபடுவது இதனால்தான். நிழல் சேர்த்தல், புறக்கோடு வரைதல் ஆகியன தொலைவிலிருந்து படிப்பதற்குத் துணைபுரியும் உத்திகள்.

1978: ஓர் எல்லைக்கோடு
பெரியார் 1935ஆம் ஆண்டு முதல் ‘குடிஅரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தின் பெரும்பகுதியைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா. ணை, லை, ளை, னை. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ எனும் பதின்மூன்று எழுத்துகள் மாற்றம் பெற்றன. முன்னர் ஆகாரத்தில் கால் தனித்து நில்லாமல் எழுத்தோடு இணைந்து வளைந்தது. ஐகாரத்தில் தும்பிக்கை போன்ற சுழி எழுத்தின் முன்பகுதியோடு ஒட்டி நின்றது. ஒகர ஓகாரங்களிலும் அவ்விணைந்த காலே இடம்பெற்றது. புதிய வடிவில் காலும் ஐகாரக் குறியும் ஏனைய எழுத்துகளுக்குரியவாறே தனித்து நின்றன.

இவ்வெழுத்துகள் பெயர்ப்பலகைச் சொற்களில் மிகுதியாக வருகின்றன. ‘விற்பனை நிலையம்’ என்ற தொடரில் மட்டும் இரண்டு சான்றுகள் கிடைக்கின்றன. சிற்றுண்டிச்சாலை, தொழிற்சாலை, பண்ணை ஆகியவையும் அத்தகையனவே. அரசியல் சுவரெழுத்தில் அண்ணா, கருணாநிதி ஆகிய பெயர்களின் ‘ணா’ அதே பயனைத் தரும். மாறாக, ‘கடை’ என்ற சொல்லின் ‘டை’ சீர்திருத்தத்திற்கு உட்படாததால், அதனைக் காலச்சான்றாகக் கொள்ள இயலாது.

கணிப்பின் வரம்புகள்
பழைய வடிவம் காணப்படின் அப்பலகை 1978க்கு முற்பட்டது என்று முடிவுசெய்வது பிழையாகும். ஆணை அரசின் அலுவல்களிலும் பாடநூல்களிலும் வழக்கை மாற்றினாலும், கைப்பழக்கம் உடனே மாறிவிடாது. முன்னர்ப் பயின்றவர் பின்னரும் பழைய வடிவையே எழுதியிருக்கலாம். புதிய வடிவம் காணப்படினும் அது 1978க்குப் பிற்பட்டது எனத் துணிய இயலாது. சீர்திருத்தத்தை ஆதரித்தோர் அதற்கு முன்னரே அவ்வாறு எழுதினர். மேலும், மங்கிய எழுத்தின் மீதே மறுவண்ணம் தீட்டுகையில் பழைய வடிவம் புதிய கையால் காக்கப்படலாம். எனவே வண்ணத்தின் காலமும் வடிவத்தின் காலமும் ஒன்றாக இருத்தல் வேண்டுவதில்லை. நடுகல்லின் காலத்தை எழுத்தமைதி மட்டுமின்றி மன்னரின் ஆட்சியாண்டும் உறுதிப்படுத்துவது போல, பலகைக்கும் தேர்தல் பெயர்கள், தொலைபேசி எண்ணின் இலக்கங்கள், உரிமையாளர் நினைவுகள் முதலிய துணைச்சான்றுகள் தேவை.

ஆவணப்படுத்தும் நெறி
சுவரெழுத்தைத் தட்டச்சில் பெயர்த்தெழுதுவது மட்டும் போதாது. ஒருங்குறியில் பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் தனித்தனிக் குறியீடுகள் இல்லை; வேறுபாடு எழுத்துருவைச் சார்ந்தது. இன்றைய எழுத்துருக்கள் பெரும்பாலும் புதிய வடிவையே காட்டுவதால், பெயர்த்தெழுதும் கணத்திலேயே காலச்சான்று அழிந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு பதிவிலும் அளவுகோலுடன் நேர்முகமாக எடுத்த ஒளிப்படம், மாறிய பதின்மூன்று எழுத்துகளின் வடிவக் குறிப்பு, வண்ண அடுக்குகள், எழுதியவரின் ஒப்பம் இருப்பின் அது ஆகியன இடம்பெறல் வேண்டும்.

முடிவுரை
கணினிவழி அச்சிட்ட நெகிழித் தட்டிகள் பரவியதன் பின் தூரிகைத் தொழில் சுருங்கியுள்ளது. தட்டியில் ஒரே எழுத்துருவின் ‘லை’ எவ்வூரிலும் ஒன்றே. தூரிகையின் ‘லை’யிலோ எழுதியவரின் பயிற்சியும் காலமும் பதிந்துள்ளன. இண்டூர் போன்ற சிற்றூரின் கடைத்தெருவை ஒரு மாணவர் குழு முறையாகப் பதிவுசெய்யின், எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையிலிருந்து மக்கள் கைக்கு வந்துசேர்ந்த வரலாற்றை அறிய இயலும். நடுகல்லுக்குக் காட்டிய கவனத்தை அதன் அருகிலுள்ள சுவருக்கும் காட்டுதல் தமிழ் எழுத்தியல் ஆய்வின் கடமையாகும்.