முதலில் பட்டறை, பிறகு பாறை

பழனி வழியாகக் கொடைக்கானல் போகிற நண்பர்களிடம், மலையேறும் முன் ஒரு நாளைச் சிற்பத்துக்கு ஒதுக்கச் சொல்வேன். பழனிக்கு மேற்கே, பாப்பம்பட்டிக்குப் பக்கத்தில் ஐவர்மலை இருக்கிறது. அங்கே இயற்கைக் குகைத்தளத்துக்கு மேலே, திறந்த பாறை முகப்பில் 16 சமணத் தீர்த்தங்கரர் உருவங்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஆனால் நேராக அங்கே போகாதீர்கள். அவிநாசி பக்கம் திருமுருகன்பூண்டிக்கு முதலில் போய் வாருங்கள்.

பூண்டியில் சாலையோரமாகவே சிற்பக்கூடங்கள் இருக்கின்றன. கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். எல்லாச் சிலைகளையும் சுற்றிப் பார்ப்பதைவிட, பாதி வேலையில் நிற்கும் ஒன்றின் அருகே ஒரு மணி நேரம் இருப்பது மேல். வயதான சிற்பி ஒருவர் என் கையில் சுத்தியலைக் கொடுத்து, "தட்டிப் பாருங்க கண்ணு" என்றார். கல் கணீரென்றது. "மணியாட்டக் கேக்குதுங்களா? இதுல சாமி பண்ணலாம். மந்தமாக் கேட்டா உள்ள கீறல் இருக்கும்." அப்புறம் கல்லின் நடுவே ஓடிய காவிக் கோட்டைக் காட்டினார். அளவுக் கணக்கையும் சொன்னார்: முகத்தின் நீளம் ஒரு தாலம். உடம்பின் மற்ற அளவெல்லாம் அதை வைத்துத்தான். வேண்டாத கல்லை இப்போது கட்டர் அறுத்து எடுத்துவிடுகிறது. முகமும் விரலும் இன்றைக்கும் உளியின் வேலை. கண் திறப்பது கடைசியில்.

காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். கருங்கல் தூசியில் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்கு ஆகாது. நாள் முழுக்க அதிலேயே உட்கார்ந்திருப்பவர்களை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. படம் எடுக்குமுன் கேளுங்கள், கிடக்கும் கல்லைத் தாண்டாதீர்கள்.

இவ்வளவும் பார்த்த கண்ணோடு ஐவர்மலை ஏறுங்கள். வெயில் சாய்வாக விழும் நேரம் நல்லது. உச்சி வெயிலில் புடைப்பே தெரியாது. தலைக்கு மேல் நாகப்படம் இருந்தால் அவர் பார்சுவநாதர். பட்டறையில் கல் சரியில்லை என்றால் தள்ளிவிடலாம், புரட்டிப் போட்டும் செதுக்கலாம். இங்கே மலை எதைக் கொடுத்ததோ அதில்தான் வேலை. உளி ஒருமுறை பிசகினால் மாற்றுக் கல் கிடையாது. அந்த வரிசையில் எனக்கு வியப்பே இந்தத் துணிச்சல்தான்.

பாறையில் வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870. சாந்திவீரக்குரவர் என்ற சமண ஆசிரியர் பார்சுவநாதர், இயக்கியர் (சமணப் பெண் காவல் தெய்வங்கள்) உருவங்களைப் புதுப்பித்து 505 காணம் பொன் வைத்த செய்தி அதில் வருகிறது. அன்றைக்கே புதுப்பிக்க வேண்டியிருந்தது என்றால், மூல உருவங்கள் அதற்கும் முந்தியவை.

அவர் பொன் வைத்துக் காத்ததை நாம் கெடுக்கக் கூடாது. உருவங்களில் எண்ணெய் தடவாதீர்கள், எழுத்துத் தெரியவேண்டும் என்று சாக்பீஸ் தேய்க்காதீர்கள். யாராவது பாறையில் பெயர் கிறுக்கினால் தயங்காமல் அங்கேயே தடுத்துச் சொல்லுங்கள்.